எடைக்கு நோ டியூஸ் சர்டிபிகேட் கிடையாது

முதலிலேயே டிஸ்கி போட்டுவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. பி.காம். முடித்துவிட்டு இருபத்து மூன்று வருஷமாக வங்கியில் குப்பை கொட்டிக்கொண்டிருப்பவன். ஊர் சாத்தூர், இருப்பு புனே. இதில் வரும் வைத்திய சமாச்சாரங்களை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மீதி என் சொந்த அனுபவம், சொந்தக் கருத்து. சண்டை போடுவதானால் அதற்குப் போடுங்கள்.

விஷயம் இதுதான். போன மாதம் எங்கள் மண்டல அலுவலகத்திலிருந்து ஒரு மெயில். ஊழியர்களுக்கு 100 நாள் எடைக் குறைப்புப் போட்டியாம். முதல் நாள் எடை பார்ப்பார்கள், நூறாவது நாள் மறுபடி பார்ப்பார்கள். அதிகம் குறைத்தவருக்கு மேடையில் பரிசு, சால்வை, ஸ்மார்ட் வாட்ச். இதில் அடியேனுக்கும் ஒரு வேஷம் ஒதுக்கியிருந்தார்கள். 114 கிலோவிலிருந்து 82-க்கு வந்த ஆசாமி ஆயிற்றே, துவக்க விழாவில் பத்து நிமிஷம் உற்சாகமூட்டிப் பேச வேண்டுமாம். பழைய போட்டோ இருந்தால் அனுப்பவும், ஸ்கிரீனில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம் என்று கூடுதல் வரி வேறு.

மன்னிக்கவும், வர இயலாது என்று பதில் போட்டேன். ஆரம்பித்தது வம்பு. 'நல்ல காரியத்துக்குத்தானே கூப்பிடுகிறார்கள், என்ன பிகு?' என்று ஆபீஸில் நாலு பேர், வீட்டில் தங்கமணி. பிகு எல்லாம் இல்லை. ஏற்கெனவே ஒருமுறை அந்த மேடையில் நின்றவன் நான். அதனால்தான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திவிட்டு வருகிறேன்.

எங்கள் பக்கத்து ஊர்களின் பெயரைச் சொன்னாலே எச்சில் ஊறும். சாத்தூர் என்றால் காராச்சேவு. வடக்கே போனால் விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டா, தெற்கே போனால் கோவில்பட்டி கடலைமிட்டாய், மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. (பால்கோவாவுக்கு 2019-லும் கடலைமிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். என் இடுப்புக்கு அதற்கு வெகுகாலம் முன்பே கிடைத்துவிட்டது.) ஆனால் சின்ன வயசில் நான் குச்சி. மதுரை ஸ்டேஷனில் காசு போட்டால் கலர் பல்பு எல்லாம் எரிந்து 'டக்'கென்று அட்டை விழுமே, அந்த மெஷினில் ஒன்பதாம் வகுப்பு லீவில் ஏறினேன். 39 கிலோ. பின்பக்கம் 'நீங்கள் பிறரால் விரும்பப்படுவீர்கள்' என்கிற மாதிரி ஏதோ பலன். ரொம்ப நாள் அந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

குண்டாக்கியது வங்கி. லோன் சாங்க்ஷன் ஆனால் பேடா, லோன் முடிந்தால் பேடா, கிளைக்கு ஆண்டு விழா என்றால் கேக், தீபாவளிக்குப் பத்துப் பெட்டி காஜு கத்லி. மார்ச் 31 ராத்திரி குளோசிங் முடிகிறவரை பிரியாணிப் பொட்டலம். 2011-ல் பிரமோஷன் என்று நாக்பூரில் தூக்கிப் போட்டார்கள். குடும்பம் வர எட்டு மாதம். தனிக்கட்டை, ராத்திரி பத்து மணிக்கு மெஸ். 2012 பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது 101 கிலோ.

அந்த வருஷம்தான் எனக்கு வெறி பிடித்தது. காலையில் இரண்டு முட்டை வெள்ளைக்கரு, மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி சூப்பு. காலையும் மாலையும் நடை. ஐந்தே மாதம், 79 கிலோ. இருபத்திரண்டு கிலோ காலி!

அந்த ஐந்து மாதமும் அதற்குப் பிறகு ஒரு மூன்று மாதமும் நான் ஹீரோ. கஸ்டமர்கள் கேட்டார்கள், செக்யூரிட்டி கேட்டார், ரீஜினல் மேனேஜர் ரிவ்யூ மீட்டிங்கில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்ட வைத்தார். பழைய பேண்ட் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டேன். இனிமேல் தேவையில்லையே! 'மனசு வைத்தால் எல்லாம் முடியும்' என்று கண்டவனுக்கெல்லாம் உபதேசம் வேறு. அப்போது என்னிடம் மாட்டியவர்கள் இதைப் படித்தால் மன்னித்துவிடுங்கள்.

2013 கடைசியில் 106.

ஏறியதில் ஒரு வினோதம் கவனித்தேன். இறங்கும்போது ஊரே கேட்டது. ஏறும்போது ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிரே வருகிறவர் கண் ஒரு விநாடி தொப்பையில் நின்று, சட்டென்று விலகி, 'என்ன சார், வெயில் ஜாஸ்தி' என்று போகும். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த வருஷம் சிவகாசியில் சித்தப்பா மகன் கல்யாணம். முந்தைய வருஷம் என்னைப் பார்த்து வியந்த அதே கூட்டம்தான் வரும். ஆடிட் இருக்கிறது, லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொல்லிவிட்டுப் போகாமலே இருந்தேன். தங்கமணி மட்டும் போய்வந்தாள். சித்தப்பா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். உண்மைக் காரணத்தை இப்போதுதான், இங்கேதான் சொல்கிறேன்.

2016-ல் புனே. அந்த நவம்பரில் பணமதிப்பிழப்பு. நாங்கள் எப்படி வேலை பார்த்தோம், எப்போது சாப்பிட்டோம், என்ன சாப்பிட்டோம் என்று கேட்காதீர்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே வடா பாவ். 2017 முடியும்போது 114. மறு வருஷம் ரத்தப் பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 7.9. டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு, 'அப்பா என்ன வயசில் போனார்?' என்று கேட்டார். ஐம்பத்தொன்பது என்றேன். அவர் எதுவும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் குண்டே இல்லை. ஒல்லியான கை கால், நடுவில் மட்டும் சின்னதாக ஒரு பானை. 'ஒல்லி உடம்புக்கு என்ன வியாதி வந்துரும்' என்று சொல்லிச் சொல்லியே சர்க்கரையைப் பத்து வருஷம் கவனிக்காமல் விட்டார். 2006-ல் மாரடைப்பு. நான் இப்போது இருக்கும் இந்த புனே ஊரில், கே.இ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் யாக்னிக் என்று ஒருவர் இதைத்தான் ஆயுள் முழுக்க ஆராய்ந்திருக்கிறார். 2004-ல் 'லான்செட்' இதழில் அவரும் ஜான் யுட்கின் என்ற ஆங்கிலேய டாக்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு படம் போட்டார்கள். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3, ஒரே அளவு. ஆனால் உடம்பில் கொழுப்பு ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், நம் யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்த்தால் ஒல்லி, உள்ளே கொழுப்பு. அப்பாவின் ஜாதகம் அந்தப் படத்தில் இருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. இந்தியர்களுக்குப் பி.எம்.ஐ. 23 தாண்டினாலே அதிக எடை, 25 என்றால் உடல் பருமன், ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர் தாண்டக்கூடாது என்று நம் டாக்டர்கள் கோட்டைக் கீழே இறக்கி வைத்திருப்பது இதனால்தான்.

அந்தக் கணக்குப்படி 170 சென்டிமீட்டர் உயரத்துக்கு நான் 66 கிலோ இருக்க வேண்டும். இன்றைக்கு 83. அதாவது இத்தனை கூத்துக்கும் பிறகு சட்டப்படி நான் இன்னும் குண்டன்தான்! 66-ஐ நான் விட்டுவிட்டேன். டாக்டரும் விட்டுவிட்டார். எனக்கு வேண்டியது 83 அப்படியே நிற்பது. அது எவ்வளவு பெரிய காரியம் என்று யாருக்கும் புரிய மாட்டேன் என்கிறதே என்பதுதான் என் ஆதங்கம்.

நாக்பூரில் நான் தோற்றது மனசு வைக்காததால் என்றுதான் ரொம்ப வருஷம் நினைத்திருந்தேன். பிறகு படித்ததில் கண் திறந்தது. அமெரிக்காவில் 'தி பிக்கெஸ்ட் லூசர்' என்று ஒரு டிவி போட்டி நடந்ததே, அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துத் தேடிப்பிடித்துச் சோதித்தார் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளர். 2016-ல் முடிவு வந்தது. போட்டியில் சராசரி 58 கிலோ குறைத்திருந்தார்கள். அதில் 41 கிலோ திரும்பி வந்திருந்தது. அதைவிடக் கொடுமை, அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தி, அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளைக்குச் சுமார் 500 கலோரி கம்மி. ஆறு வருஷம் ஆகியும்! எடை திரும்பி வந்த பிறகும்!

இது செலவுப் பக்கம். பசிப் பக்கம் ஆஸ்திரேலியாவில் பார்த்திருக்கிறார்கள். 50 பேரைப் பத்து வாரம் கடும் பத்தியத்தில் வைத்து எடை குறைத்து, ஒரு வருஷம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், பசியைத் தூண்டும் ஹார்மோன் அப்போதும் ஏறியே இருந்தது, போதும் என்று சொல்லும் ஹார்மோன் இறங்கியே இருந்தது. 2011-ல் வெளியான ஆய்வு. ஆக, உடம்புக்கு நீங்கள் டயட் இருக்கிறீர்கள் என்று தெரியாது. பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்து, போனதை மீட்கும்வரை ராப்பகலாக ரெக்கவரி ஏஜென்ட் வேலை பார்க்கிறது. வாராக் கடன் வசூலில் நாங்கள் அதனிடம் பாடம் படிக்கலாம்.

என் தொழில் பாஷையில் சொன்னால்தான் எனக்குப் புரியும். எடை குறைப்பதை எல்லோரும் டெர்ம் லோன் மாதிரி நினைக்கிறோம். இத்தனை மாதம் கஷ்டப்பட்டு இ.எம்.ஐ. கட்டு, முடிந்ததும் நோ டியூஸ் சர்டிபிகேட் வாங்கு, பத்திரத்தைத் திருப்பி எடு, பேடா கொடு, மறந்துவிடு. அது கேஷ் கிரெடிட் கணக்கு, சாமி. வியாபாரிகளைக் கேட்டுப் பாருங்கள். மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடுக்க வேண்டும். அது மூன்று மாதத்துக்கு மேல் பழசானால் கணக்கு இர்ரெகுலர். வருஷத்துக்கு ஒருமுறை ரினியூவல். கடை நடக்கிறவரை கணக்கும் நடக்கும். அதில் முடித்துவிட்டேன் என்று யாரும் கைதட்டு வாங்குவதில்லை.

இரண்டாவது முறை, 2019 ஜனவரியில் ஆரம்பித்தது, இந்தப் புத்தியோடுதான். 32 கிலோ குறைய இரண்டு வருஷம் ஆயிற்று. யாருக்கும் சொல்லவில்லை. தினப்படி செய்வதை எல்லாம் வரிசையாக எழுதினால் போரடிக்கும், அதெல்லாம் பெரிய ரகசியமும் இல்லை. திங்கள்கிழமை காலை எடை, ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு. 85-ஐத் தாண்டினால் மறுநாளிலிருந்து ராத்திரிச் சோறு கட், இறங்குகிறவரை. தினம் ஒரு மணி நேர நடை. அமெரிக்காவில் 1994-லிருந்து ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருஷமாவது தக்கவைத்தவர்கள் சேரலாம், பத்தாயிரம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்: வாரம் ஒருமுறையாவது எடை, நாளைக்குச் சராசரி ஒரு மணி நேர உடலுழைப்பு, காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதது. (ஜெயித்தவர்களை மட்டும் சேர்த்து வைத்த ஏடு அது. நல்ல கணக்குகளை மட்டும் பார்த்து ரிப்போர்ட் எழுதிய ஆடிட்டர் மாதிரி. அதையும் மனசில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.)

வெளியூர் வாசம் எனக்குச் செய்த உபகாரம் ஒன்று உண்டு. சாப்பாடு. மராட்டிக்காரர்கள் மட்கி என்று நரிப்பயறை முளைகட்டி உசள் வைப்பார்கள், கடலைமாவில் பிட்லா கிண்டுவார்கள், சோளமாவில் பாக்ரி தட்டுவார்கள். பக்கத்து ஃபிளாட் காகூவிடம் தங்கமணி கற்றுக்கொண்டு வந்தாள். ஒரு பாக்ரி, ஒரு கிண்ணம் உசள் உள்ளே போனால் நாலு மணி நேரம் வயிறு சத்தம் போடாது. (விரத சாப்பாட்டை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஜவ்வரிசியும் வேர்க்கடலையும் நெய்யும் சேர்த்து ஒரு கிச்சடி, அதன் மேல் உருளைக்கிழங்கு. 'ஏகாதசி, துப்பட் காஷி' என்று அவர்களே சொல்வார்கள். ஏகாதசியென்றால் இரட்டிப்பாய்த் தின்பாய் என்று அர்த்தம்.)

நடைக்குப் பர்வதி மலை. 103 படி. அங்கே தினம் வரும் ஒரு காகா, எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பேச்சுவாக்கில் என் கதையைச் சொன்னேன். 32 கிலோ என்றதும் வழக்கமான 'அப்படியா!' வரும் என்று காத்திருந்தேன். அவர், 'எத்தனை வருஷமாச்சு?' என்றார். இரண்டு என்றேன். 'பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். இன்னமும் வருகிறார். இன்னமும் பாராட்டவில்லை.

இப்போது ஊருக்கு வருவோம். வெளியூரில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இது கட்டாயம் புரியும். 2021-ல் கொரோனா கொஞ்சம் அடங்கி, நாகர்கோவில் ரயில் பிடித்து, ஒன்றரை வருஷம் கழித்து வீட்டு வாசலில் போய் நிற்கிறேன். அம்மா பார்த்த பார்வை இருக்கிறதே!

'ஏய்யா, என்னய்யா இப்படி உருக்குலைஞ்சு போயி நிக்க? சீக்கு கீக்கு எதுவும் வந்துருச்சா?'

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர்வீட்டு அத்தை, 'சுகர் முத்திப்போச்சு போல மதினி' என்று தீர்ப்பு எழுதிவிட்டார். அடுத்த குற்றவாளி தங்கமணி. மருமகள் வடநாட்டுக்குக் கூட்டிப்போய் ரொட்டியைப் போட்டு மகனைக் காயப்போட்டுவிட்டாள். நான்கு நாள் லீவு. நான்கு நாளும் சோறு, கறிக்குழம்பு, வடை, பணியாரம். வேண்டாம் என்றால் அம்மா முகம் சுருங்குகிறது. வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மகனுக்கு அவளால் வேறு எதைக் கொடுக்க முடியும்? திரும்பும்போது பையில் மூன்று கிலோ சேவு, ஒரு கிலோ பால்கோவா. என் உடம்பில் இரண்டு கிலோ.

ஒருநாள் சாமர்த்தியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, 'அம்மா, ஆச்சி காய்ச்சுமே, அந்தக் கம்மங்கூழ் வச்சுக் குடேன், அது போதும்' என்றேன். அம்மா சிரிக்கவில்லை. 'அந்தக் கூழை விட்டு வெளிய வரணும்னுதானய்யா உங்கப்பா உன்னப் படிக்க வச்சாரு' என்றாள்.

எனக்குப் பதில் இல்லை. கரிசக்காட்டில் நெல்லுச்சோறு நாள் கிழமைக்கு மட்டும் என்று இருந்த வீடு அது. வட்டில் நிறைய வெள்ளைச் சோறு என்பது அவளுக்குச் சாப்பாட்டுக்கும் மேலே. நாங்கள் தலையெடுத்துவிட்டோம் என்பதற்குச் சாட்சி. அதைப் பாதியாக்கு என்று மகனே சொன்னால்? இப்போதெல்லாம் மத்தியானம் அவள் கையால் ஒருவேளை வயிறாரச் சாப்பிடுகிறேன், மறு பேச்சு இல்லாமல். காலையும் ராத்திரியும் என் இஷ்டம். இந்த ஒப்பந்தத்துக்கு வர மூன்று லீவு ஆயிற்று. வைப்பாற்றங்கரையில் நான் காலையில் நடப்பதைப் பார்த்து ஊரில் இன்னும் பாவப்படுகிறார்கள், போகட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் என் பாடு. போட்டிக்கு நான் போகாததற்கு உண்மையான காரணம் வேறு. அது என் மகள்.

2022-ல் அவளுக்குப் பன்னிரண்டு வயசு. அந்த வருஷம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பேச்சு என்றால் எடைதான். நான்தான் பேசுவேன். இதில் இத்தனை கலோரி, அதில் அத்தனை. 'இன்னிக்கு 300 கிராம் ஏறிடுச்சு' என்று தலையில் கை வைத்துக்கொண்டு. டிவியில் யாராவது நடிகர் வந்தால், 'போட்டுட்டான் பாரு' என்று. எனக்கு அது பெருமை, பொழுதுபோக்கு, தொழில் பக்தி எல்லாம். ஜூலையில் ஒருநாள் அவள் வகுப்பு டீச்சர் தங்கமணியைக் கூப்பிட்டு, குழந்தை டிபன் பாக்ஸை ஒரு மாதமாகப் பக்கத்துப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுகிறாள், நேற்று பிரேயரில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள் என்றார்.

ராத்திரி அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஏம்மா என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். நாற்பது பக்க நோட்டு. திங்கள்கிழமை திங்கள்கிழமை தேதி போட்டு எடை. என்னுடைய கோடு மாதிரியே கோடு. 41, 40.5, 40. 'நான் உன்ன மாதிரி ஆயிடுவேன்னு பயமா இருந்துச்சுப்பா' என்றாள். எந்த 'உன்ன மாதிரி' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. 114 கிலோ அப்பாவா, 300 கிராமுக்குத் தலையில் கை வைக்கிற அப்பாவா?

குழந்தைகள் டாக்டர், பிறகு ஒரு கவுன்சிலர் என்று ஆறு மாதம் போனோம். நல்லவேளை, சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டோம் என்றார்கள். அந்தக் கவுன்சிலர் அம்மாள் எங்கள் இரண்டு பேருக்கும் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: சாப்பாட்டு மேஜையில் யாருடைய உடம்பைப் பற்றியும் பேச்சு கூடாது, நல்லதாகவும் கூடாது, கெட்டதாகவும் கூடாது. எடை மெஷின் ஹாலிலிருந்து என் பீரோவுக்குள் போயிற்று. திங்கட்கிழமை நான் கதவைச் சாத்திக்கொண்டு, திருட்டு தம் அடிப்பவன் மாதிரி எடை பார்க்கிறேன். மகள் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள், கபடி ஆடுகிறாள். ஆனால் யாராவது வீட்டுக்கு வந்து 'ஒல்லியாயிட்டியே, சூப்பர்' என்று அவளிடம் சொன்னால் எனக்கு இன்றைக்கும் அடிவயிறு கலங்குகிறது. பாராட்டாகத்தான் சொல்கிறார்கள்.

அப்படிப்பட்டவனை மேடையில் ஏற்றி, பழைய போட்டோவைப் போட்டு, 'இந்தத் தடியனைப் பாருங்கள், இப்போது இந்த ஹீரோவைப் பாருங்கள்' என்றால்? அந்த 114 கிலோக்காரனும் நான்தானே. நோட்டுத் தடை நேரத்தில் நாள் முழுக்கக் கால் கடுக்க நின்று ஜனங்களுக்குப் பணம் எண்ணிக் கொடுத்தவன் அவன். சிவகாசிக் கல்யாணத்துக்குப் போக வெட்கப்பட்டவனும் அவன்.

நூறு நாளில் யார் அதிகம் குறைப்பது என்று போட்டி வைத்தால் ஜெயிப்பது யார்? அதிகம் பட்டினி கிடந்தவர். முந்தைய வருஷம் வேறொரு மண்டலத்தில் இதே மாதிரி நடந்து, 14 கிலோ குறைத்து முதல் பரிசு வாங்கிய நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். மாலையோடு எடுத்த போட்டோவை வாட்ஸப்பில் எல்லோருக்கும் அனுப்பினார். இப்போது கூப்பிட்டால் வீடியோவை ஆன் செய்வதில்லை. எனக்குத் தெரியும் அது ஏன் என்று. அவரிடம் கேட்கவில்லை. வேறு விஷயம்தான் பேசுகிறேன்.

ஊசியைப் பற்றிக் கேட்பீர்கள். மௌன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. ஆபீஸில் இரண்டு பேர் போட்டுக்கொள்கிறார்கள், நன்றாகக் குறைகிறது. குறுக்கு வழி என்று அவர்களைக் கிண்டல் செய்கிற கூட்டத்தில் நான் இல்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவரைக் குறுக்கு வழி என்கிறோமா? ஆனால் வெகோவியில் இருக்கும் செமாக்ளூடைடு மருந்தை நிறுத்திய ஒரு வருஷத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று 2022-லேயே ஆய்வு வந்திருக்கிறது. ஆறு மாதம் போட்டுவிட்டு விட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், அதுவும் டெர்ம் லோன் கணக்குத்தான். ஆரம்பிக்கும் முன் நிறுத்துவதைப் பற்றி டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

மறுத்துவிட்டு மட்டும் சும்மா இருக்கக்கூடாது என்று மண்டல அலுவலகத்துக்கு ஒரு யோசனையும் எழுதினேன். போட்டி வைக்கத்தான் வேண்டும் என்றால், மூன்று வருஷம் கழித்துப் பரிசு கொடுங்கள். குறைத்தவருக்கும் கொடுக்காதீர்கள், ஏறாமல் நின்றவருக்குக் கொடுங்கள். அதைவிட, மீட்டிங்கில் சமோசாவுக்குப் பதில் சுண்டல் வையுங்கள், ஏழு மணிக்கு ஆளை வீட்டுக்கு விடுங்கள், அதுவே ஆளுக்கு ஐந்து கிலோ குறைக்கும்.

நாலே நாளில் பதில் வந்தது, ரொம்ப மரியாதையாக. யோசனை வரவேற்கத்தக்கது, ஆனால் ஊழியர் நலப் பரிசுத் தொகை அந்தந்த நிதியாண்டுக்குள் செலவழிக்கப்பட வேண்டும், மார்ச் 31-க்குப் பிறகு ஒதுக்கீடு காலாவதியாகிவிடும், மூன்றாண்டுப் பரிசுக்குத் தனி பட்ஜெட் தலைப்பு இல்லை. சுண்டல் விஷயம் பரிசீலனையில் இருக்கிறதாம்.

பி.கு: இந்தத் திங்கள் 83.4. பொங்கல் லீவுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அம்மா போனில் இப்போதே கேட்டுவிட்டாள், 'என்னய்யா, சேவு மூணு கிலோ சொல்லட்டா?' ஒரு கிலோ போதும் என்றேன். இரண்டில் முடிந்திருக்கிறது.